பஹாசா அறிதல்: பழந்துறைமுகங்களில் வணிக உரையாடல்

1. பொற்சங்கிலி

மலாய் மொழியின் சிறந்த வரலாற்று நூலாகிய ‘செஜாரா மெலாயு’, போர்த்துக்கேயர் முதன்முதலாக மலாக்காவுக்கு வந்த நிகழ்ச்சியைச் சுவைபடக் கூறுகிறது. பரங்கியரைக் காண ஊரே திரண்டது. அவர்களை ‘வெள்ளை வங்காளியர்’ என்று மக்கள் அழைத்தனர். ஒவ்வொரு பரங்கியரையும் பத்திருபதுபேர் சூழ்ந்துகொண்டனர். சிலர் தாடியைத் திருகிப் பார்த்தனர். சிலர் தலையைத் தொட்டனர். சிலர் தொப்பியைக் கழற்றினர். சிலர் கையைப் பற்றினர். பின்னர்க் கப்பல் தலைவன் பெண்டஹாராவைக் காணச் சென்றான். பெண்டஹாரா என்பவர் சுல்தானுக்கு அடுத்த நிலையில் இருந்த முதலமைச்சர். அன்பின் அடையாளமாக மணிகள் பதித்த பொற்சங்கிலி ஒன்றைத் தலைவன் தன் கையாலேயே அவர் கழுத்தில் அணிவித்தான். அவையோர் கொதித்தெழுந்தனர். ஆனால், பெண்டஹாரா அவர்களைத் தடுத்தார். இவன் ‘பஹாசா’ அறியாதவன். ஆதலால் இதைப் பொருட்படுத்தவேண்டா என்பது அவர் கூறிய காரணம்.

‘பஹாசா’ என்பது வடமொழிப் ‘பாஷா’ என்பதன் மலாய் வடிவம். நாம் பேச்சுவழக்கில் ‘பாஷை’ என்பதும் அதுவே. ஆயினும், பெண்டஹாரா சொன்னது அவனுக்கு மலாய் பேசத் தெரியாது என்பதன்று. மலாயில் ‘பஹாசா’ என்னும் சொல் மொழியையும் குறிக்கும். ஒருவரிடம் ஒருவர் நடந்துகொள்ளும் முறையையும் குறிக்கும். ‘புடி பஹாசா’ என இன்றும் வழங்கும் தொடர் நற்பண்பைச் சுட்டுவதாகும். உயர்ந்தோர் ஒருவரின் கழுத்தை அயலான் தொடுவது அவையோருக்கு அவமதிப்பு. தன் கையாலேயே அணிவிப்பது அவனுடைய ஊரில் பெருமை. பொருள் ஒன்றே, அதைக் கொடுத்தவன் படித்த பொருளும் கண்டவர்கள் படித்த பொருளும் வேறு.

அன்றைய பெண்டஹாரா துன் முத்தாஹிர், தென்னிந்திய முஸ்லிம் வணிகர் மரபில் தோன்றியவர். வேற்று நிலத்திலிருந்து வந்து வேரூன்றிய குடும்பத்தில் பிறந்த ஒருவர், வேற்றவனின் பிழையைப் பிழையென அறிந்தே பொறுத்தார் என்பது எண்ணத்தக்கது. போர்த்துக்கேயர் வந்த ஆண்டு 1509. ‘செஜாரா மெலாயு’வின் புகழ்பெற்ற தொகுப்பு 1612ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் அந்தச் சங்கிலி நினைவில் நின்றிருக்கிறது.

வேற்றுநாட்டு வணிகர் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசிப் பொருள் மாற்றினர் என்னும் வினாவை இந்நிகழ்ச்சி நம்முன் வைக்கிறது. இந்தியப் பெருங்கடலின் துறைமுகங்கள் சிலவற்றில் அதற்கான விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கல்லில் எழுதிய விதிகள்

சுமத்திராவின் மேற்குக் கரையில் உள்ள பாருஸ், கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற பழந்துறை. அங்கே லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088இல் பொறிக்கப்பட்டது. அதைப் பொறித்தவர்கள் ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ என்னும் வணிகக் குழுவினர். துறைக்கு வரும் கப்பலின் தலைவரும் உடன் வருவோரும் கஸ்தூரியின் விலைக்கு ஒப்பப் பொன் செலுத்தவேண்டும். அதன்பின்னரே விரித்த பாவாடையில் கால்வைக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. ‘பாவாடை’ என்பது இங்கே வரவேற்புக்காகத் தரையில் விரிக்கும் துணி. மரியாதை எது, கட்டணம் எது, இரண்டில் முந்துவது எது என்பன வருபவர் ஊகித்தறியும்படி விடப்படவில்லை. கரையிறங்கும் முன்பே அவை வரையறுக்கப்பட்டிருந்தன.

அதனினும் வியப்புக்குரியது இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்புத் தேசிய அரும்பொருளகத்தில் உள்ள கல். மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தைச் சார்ந்த அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் செய்தி உள்ளது. அதில் குறித்த நாள் 1409ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு உரியது. மூன்றும் ஒரே செய்தியின் மொழிபெயர்ப்பு என்றே முதலில் எவரும் எண்ணுவர். உண்மை வேறு. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவமாகிய தென்னாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய நெறியில் அமைந்தது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் எனக் காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறத்தாழ ஒத்திருக்கிறது.

கல்லை அமைத்தோர் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கவில்லை. யாரிடம் பேசுகிறோம், அவர் எதை உயர்ந்ததாகக் கருதுகிறார் என்பதை அறிந்து, ஒவ்வொருவருக்கும் உரிய முகவுரையைத் தனியே எழுதினர். அதே வேளையில் ஒருவருக்குக் கூட்டியும் மற்றொருவருக்குக் குறைத்தும் கொடுக்கவில்லை. முகமன் வேறு, அளவு ஒன்று. அக்கடற்பகுதியின் வணிக மொழிகளுள் ஒன்றாகத் தமிழ் மதிக்கப்பட்டதற்கும் அக்கல் சான்றாகும்.

இனிய சொல் மட்டும் எல்லாவற்றையும் காத்தது என்று கூறிவிட முடியாது. அக்கப்பல்களில் பெரும்படையும் வந்தது. இலங்கையில் மூண்ட போரில் அழகேசுவரன் என்னும் தலைவன் சிறைபிடிக்கப்பட்டு 1411இல் சீனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டான். முகமன் அறிந்தவரிடமும் வன்மை இருந்தது. இதை மறைத்தால் நாம் கூறுவது வரலாறாகாது.

3. கைகோத்து முடித்த விலை

அதே சீனக் கப்பல்கள் மலையாளக் கரையிலுள்ள கோழிக்கோட்டுக்கும் சென்றன. அங்கு நடந்த வணிகத்தை மா ஹுவான் எழுதிவைத்திருக்கிறார். சீன முஸ்லிமாகிய இவர், செங் ஹோவின் பயணங்களில் மொழிபெயர்ப்பாளராகச் சென்றவர்.

அவர் கூறும் முறை இது. கப்பல் வந்ததும் அரசரின் சார்பாக ஓர் அதிகாரியும், கணக்கில் தேர்ந்த செட்டி ஒருவரும், தரகர் ஒருவரும் வருவர். விலை பேசுவதற்கென ஒரு நாள் குறிக்கப்படும். அந்நாளில் சீனப் பட்டும் பிற பொருள்களும் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை பேசப்படும். முடிவானதும் எழுதி, இரு தரப்பாரும் ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வர். பின்னர் அனைவரும் கைகோப்பர். இன்ன மாதம் இன்ன நாள் யாவரும் கைகோத்து முடித்தோம், விலை ஏறினும் இறங்கினும் மாற்றமில்லை என்று தரகர் அறிவிப்பார். அதன்பின்னரே உள்ளூர்ச் செல்வர் மணியும் முத்தும் பவளமும் கொண்டுவருவர். அவற்றின் விலையைப் பேசி முடிக்க விரைவில் ஒரு மாதம், தாழ்த்தால் மூன்று மாதம் ஆகும்.

கணக்கிடும் வழியும் இரு தரப்பாருக்கும் வேறு. சீனர் மணிச்சட்டம் கொண்டு கணக்கிடுபவர். கோழிக்கோட்டாரோ கைவிரல் கால்விரல் இருபதையும் கொண்டே பிழையின்றிக் கணக்கிட்டனர் என்று மா ஹுவான் வியக்கிறார். அவரது வியப்பில் இகழ்ச்சி இல்லை. தம் முறையே முறை என்னும் செருக்கும் இல்லை. விடை ஒத்திருந்தால் வழி வேறாயினும் ஏற்றுக்கொள்ளலாம் என்பதே அங்கு நிலவிய மனப்பாங்கு.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்துறைக்கு வந்த இத்தாலியப் பயணி வர்தேமா மற்றொரு வழக்கத்தைக் குறித்துள்ளார். விற்பவரும் வாங்குபவரும் தரகர் வழியாக, ஒரு துணியின் மறைவில் கைகளைப் பற்றி, விரற்கணுக்களைத் தொட்டே விலை பேசினர். வாய் திறப்பதில்லை. மொழி அறியாதார்க்கும் அம்முறை உதவும். பலர் சூழ நிற்கையில் ஒருவர் கேட்ட குறைந்த விலை மற்றவர் காதில் விழாது. எவருக்கும் முகம் கெடாது.

எழுத்து, கைகோத்தல், பலரறிய உரைத்தல் என்னும் மூன்றும் ஒரே ஒப்பந்தத்தில் இணைந்திருந்தமை கருதத்தக்கது. ஒருவருக்கு எழுத்தே உறுதி. மற்றொருவருக்குச் சொன்ன சொல்லே உறுதி. எது போதும் என்று வழக்காடாமல், இருவருடைய உறுதியையும் அத்துறை கேட்டு வாங்கியது.

4. நகைப்புக்குள்ளான காணிக்கை

மேற்கூறிய கோழிக்கோட்டுக்கே 1498ஆம் ஆண்டு மே மாதம் வாஸ்கோ ட காமா வந்தார். மொழி தெரியாமல் அவர் இடர்ப்பட்டார் என்று பலர் நினைப்பதுண்டு. கரையிறங்கிய முதல் ஆளே, ஸ்பானியமும் ஜெனோவா மொழியும் பேசும் தூனிஸ் நாட்டார் இருவரைக் கண்டான். கப்பலில் அரபு அறிந்தவரும் இருந்தனர். போர்த்துக்கேயத்திலிருந்து அரபுக்கும், அரபிலிருந்து மலையாளத்துக்கும் சொற்கள் சென்றுசேர்ந்தன. தடைப்பட்டது வேறொன்று.

அரசராகிய சாமுத்திரி, வந்த செய்தியை அவையிலுள்ள பெரியோரிடம் கூறும்படியும், அவர்கள் தம்மிடம் தெரிவிப்பர் என்றும் சொன்னார். அஃது அவ்வவையின் மரபு. காமாவோ, தாம் ஒரு மன்னரின் தூதர் என்றும், அரசரிடம் நேரில் மட்டுமே பேசவியலும் என்றும் வற்புறுத்தினார். சாமுத்திரி இணங்கித் தனியறைக்குச் சென்று கேட்டார். முதல் நாளில் வளைந்துகொடுத்தவர் விருந்தினர் அல்லர், அரசரே.

மறுநாள் காமா தம் காணிக்கையை எடுத்து வைத்தார். கோடிட்ட துணி 12, சிவப்புத் தலைமூடி 4, தொப்பி 6, பவளச்சரம் 4, கைகழுவும் கிண்ணம் 6 கொண்ட ஒரு பெட்டி, சர்க்கரை ஒரு பெட்டி, எண்ணெய் இரண்டு பீப்பாய், தேன் இரண்டு பீப்பாய். அவற்றைப் பார்வையிட வந்த அதிகாரிகள் நகைத்தனர். மக்காவிலிருந்து வரும் ஏழை வணிகனும் இதனினும் மிகுதியாகத் தருவான். அரசருக்குப் பொன்னே தகும் என்றனர். தாம் வணிகர் அல்லர், தூதர் என்றும், இவை தம் சொந்தப் பொருள்கள் என்றும் காமா விடையளித்தார். அவ்விடை நிலைமையை மேலும் குழப்பியது. வணிகராயின் பொருள் எங்கே? தூதராயின் மன்னருக்கு ஏற்ற காணிக்கை எங்கே?

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் அத்தகைய பொருள்கள் செல்லுபடியாயின. ஓரிடத்தில் செல்லுபடியானது எல்லா இடத்தும் செல்லும் என்று எண்ணியதே பிழை. திரும்பும் வேளையில் துறைமுக வரி கேட்கப்பட்டபோது, பிற வணிகர் யாவரும் செலுத்தும் அவ்வரியைத் தமக்கு இழைத்த கொடுமையாகவே காமா கருதினார். ஆட்களைப் பிணையாகப் பிடித்துவைத்தார். 1500இல் கப்ரால் தலைமையில் வந்த கப்பல்கள் வணிகர் கப்பலொன்றைப் பறித்தன. ஊரார் எழுந்து போர்த்துக்கேயரின் பண்டசாலையைத் தாக்கினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பழியாகத் துறையிலிருந்த கப்பல்கள் எரிக்கப்பட்டு, நகரம் பீரங்கியால் தாக்கப்பட்டது.

கிண்ணமும் தொப்பியுமே இத்தனை உயிர்களைக் கொன்றன என்று கூறுவது பொருந்தாது. கடல் வணிகத்தைத் தமக்கே உரியதாக்கிக்கொள்ளும் நோக்கம் போர்த்துக்கேயருக்கு இருந்தது. அந்நோக்கம் எத்தகைய முகமனாலும் மறைந்திராது. ஆயினும் ஒன்று கூறலாம். நோக்கத்தில் மாறுபட்டோர் பேசித் தீர்ப்பதற்கென ஒரு களம் அத்துறையில் இருந்தது. அக்களத்தின் விதிகளை அறிய வந்தவர்கள் முயலவில்லை. ஆதலால் எஞ்சியிருந்தது பீரங்கி மட்டுமே.

5. நான்கு ஷாபந்தர்கள்

மீண்டும் மலாக்காவுக்கு வருவோம். 1512இல் அங்கு வந்து தங்கிய போர்த்துக்கேயராகிய தோமே பிரேஸ், தாம் கண்டதையும் கேட்டதையும் விரிவாக எழுதினார். அந்நகரில் 84 மொழிகள் பேசப்பட்டன என்பது அவர் கூற்று. இத்தனை மொழியினர் கூடும் இடத்தில் சண்டையின்றி வணிகம் நடந்தது எப்படி?

சுல்தான்கள் நான்கு ஷாபந்தர்களை அமர்த்தினர். ‘துறைமுகத் தலைவர்’ எனப் பொருள்படும் பாரசீகச் சொல் அது. ஒருவர் குஜராத்தியருக்கு, ஒருவர் சோழமண்டலக் கரையினர், வங்காளியர், பெகு நாட்டார், பாசை நாட்டார் ஆகியோருக்கு, ஒருவர் ஜாவா, மலுக்கு, பண்டா, பலெம்பாங், புருணை முதலிய தீவுகளிலிருந்து வருவோருக்கு, ஒருவர் சீனர், ரியூக்கியூவினர், சம்பா நாட்டார் ஆகியோருக்கு. கப்பல் வந்ததும் அதற்குரிய ஷாபந்தர் எதிர்கொள்வார். பண்டசாலைக்கு இடம் காட்டுவார். பெண்டஹாராவிடம் அழைத்துச் செல்வார். யாருக்கு என்ன காணிக்கை, எவ்வளவு என்று சொல்லிக்கொடுப்பார். காமா கோழிக்கோட்டில் அறியாதிருந்தவற்றை அறிவிப்பதே மலாக்காவில் ஒருவருடைய பதவிக் கடமையாக இருந்தது.

வரியிலும் வேறுபாடு ஏற்கப்பட்டது. மேற்கிலிருந்து வந்த கப்பல்கள் பொருளின் மதிப்பில் நூற்றுக்கு 6 வரியாகச் செலுத்தின. கிழக்கிலிருந்து வந்தவை வரிக்குப் பதிலாகக் காணிக்கை அளித்தன. பேரரசர்களின் பெயரால் வரும் கிழக்கு நாட்டாருக்குக் காணிக்கையே பழகிய வழக்கு. மேற்கு நாட்டு வணிகருக்கு வரியே பழகிய வழக்கு. எல்லோருக்கும் ஒரே முறை என்பதற்கு மாறாக, அவரவர்க்கு விளங்கும் முறையை மலாக்கா கையாண்டது.

விலை பேசுவதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. தெமெங்கோங் என்னும் அதிகாரியின் முன்னிலையில் வணிகர் பத்துப்பேர் அல்லது இருபதுபேர் கூடுவர். கப்பலில் வந்தவரும் உடனிருக்க, சரக்கு முழுவதற்கும் விலை முடிவாகும். கூடியவர்கள் அதைப் பங்கிட்டுக்கொள்வர். பருவக்காற்று யாருக்காகவும் காத்திராது; ஆகவே பேச்சு நீளாமல் விரைந்து முடிந்தது. கோழிக்கோட்டில் மூன்று மாதம் பேசியதும் வணிகமே. மலாக்காவில் சில மணி நேரத்தில் முடித்ததும் வணிகமே. இரண்டும் முறையான வழக்காக இருந்தமையால் இரண்டிலும் நம்பிக்கை இருந்தது.

6. நைனா சாட்டு

1511ஆம் ஆண்டு ஆகஸ்டில் மலாக்கா போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்களுக்கு உதவியவருள் நைனா சாட்டு என்னும் தமிழ் வணிகர் ஒருவர். 1509இல் சிறைப்பட்ட போர்த்துக்கேயருக்கு அவர் துணைநின்றார். வெற்றிக்குப் பின் முஸ்லிம் அல்லாத வணிகர்களுக்குப் பெண்டஹாராவாக அவர் அமர்த்தப்பட்டார். புதிய ஆட்சியாளரின் கப்பல்களில் தம் முதலையும் இட்டார். இரு உலகங்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைத்தவர் எனலாம்.

சில ஆண்டுகளில் கணக்கு மாறியது. கம்பார் நாட்டு அரசரை அப்பதவியில் அமர்த்தினால் வணிகம் பெருகும் என்று போர்த்துக்கேய அதிகாரிகள் கருதினர். நைனா சாட்டு 1514இல் பதவி இழந்தார். அந்த இழிவைப் பொறாது அவர் உயிர் நீத்தார் என அந்நாட்டு வரலாற்றாசிரியர்களே எழுதியுள்ளனர். பதவியை மாற்றுவது அவர்களுக்கு நிருவாக ஏற்பாடு. அவருக்கோ ஊரறியப் பெற்ற மதிப்பு. அதை ஊரறிய இழப்பது வாழ்வையே இழப்பது. ஐந்தாண்டு உடனிருந்து உதவியவரின் ‘பஹாசா’வை அவர்கள் கற்றிருக்கவில்லை.

முஸ்லிம் வணிகர் பலர் மலாக்காவை விட்டு ஆச்சே, ஜோகூர், பந்தான் முதலிய துறைகளுக்குச் சென்றனர். இதற்குச் சமயப் பகையும் முற்றுரிமை வணிகமும் காரணங்கள். கோட்டையும் பண்டசாலையும் வென்றவர் கையில் இருந்தன. அங்கு வந்தால் யார் எதிர்கொள்வார், எவ்வளவு கேட்பார், சொன்ன சொல் நிற்குமா என்னும் தெளிவு அவற்றோடு சேர்ந்து கைமாறவில்லை.

7. வகுப்பறைக்கு

நம் மாணவருள் பலர் நாளை பன்னாட்டு நிறுவனங்களில் பணியாற்றுவர். வணிகத்துக்கு மொழி கற்பித்தல் என்றவுடன் கடிதம் எழுதுதல், கலைச்சொல் அறிதல் ஆகியவற்றையே நாம் முதலில் எண்ணுகிறோம். அவை வேண்டுவனவே. காமாவிடம் மொழிபெயர்ப்பாளர் இருந்தனர் என்பதையும் நினைவில் கொள்வோம். திருக்குறள் பொருட்பாலில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், குறிப்பறிதலுக்கும் அவையறிதலுக்கும் தனித்தனியே அதிகாரம் வகுத்துள்ளது. சொல்லத் தெரிவது ஒரு திறம்; எதிரிலிருப்பவர் சொல்லாமல் விட்டதை அறிவது வேறொரு திறம்; எந்த அவையில் எதைச் சொல்வது என்பது மூன்றாவது திறம்.

இவ்வரலாற்றை வகுப்பில் எடுத்துரைக்கும் ஆசிரியர், ஒவ்வொரு துறைமுகத்தையும் பற்றி மாணவரிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம். இங்கே யார் யாரிடம் நேரில் பேசலாம்? பேச்சு முடிந்தது என்பதற்கு எது அடையாளம்: எழுத்தா, கைகோத்தலா, பலரறிய உரைத்தலா? ஒருவர் அறியாது பிழை செய்தால் அதைத் திருத்திச் சொல்பவர் யார்? மூன்றாம் வினாவுக்கு மலாக்காவில் விடை இருந்தது, அவ்விடை ஷாபந்தர். இன்றைய அலுவலகங்கள் பலவற்றில் அவ்விடம் வெறுமையாக உள்ளது. இரண்டு மூன்று மொழிகளோடு வளரும் நம் மாணவர் அவ்விடத்தை நிரப்பத் தக்கவர்கள். அதற்குத் தாம் அறிந்த மொழிகளின் சொற்களோடு, அம்மொழியினர் எதில் மகிழ்வர், எதில் முகம் சுளிப்பர் என்பதையும் அவர்கள் கற்றிருக்கவேண்டும்.

பொற்சங்கிலியை அணிவித்த தலைவன், தான் செய்த பிழையை அன்று அறிந்தானா என்று ‘செஜாரா மெலாயு’ கூறவில்லை. அவன் தாடியைத் திருகிய மலாக்கா மக்களும் தங்கள் பிழையை அறிந்தாரல்லர். அன்றைய அவையில் இரு தரப்பின் வழக்கையும் உணர்ந்து, சினந்தோரை அமர்த்தியவர் பெண்டஹாரா ஒருவரே.